கார்டுக்கு ஏற்ற ஹீட் சிங்க் எது?

புதுக்கோட்டையின் கோடையில், கணினிக்குள் செருகிய நெட்வொர்க் கார்டின் சிப் ஏன் கூடுதலாகச் சுடுகிறது? ஹீட் சிங்க் வெப்பத்தைக் காற்றிடம்தான் ஒப்படைக்கிறது. காற்றே சூடானால் சிப்பும் அதே அளவு சூடேறும்.

கணக்கு எளிது. வாட்டுக்கு 3 டிகிரி என்று குறித்த ஹீட் சிங்க், 10 வாட் சிப்பைச் சுற்றுக்காற்றைவிட 30 டிகிரி மேலே நிறுத்தும். காற்று 20 டிகிரி என்றால் சிப் 50. புதுக்கோட்டை வெயிலில் 38 என்றால் 68.

அடுத்தது அளவு. பக்கத்து ஸ்லாட்டுக்கு 20.32 மில்லிமீட்டர்தான் இடைவெளி. உயரமான ஹீட் சிங்க் அடுத்த கார்டை இடிக்கும். அலுமினியத்தைவிடத் தாமிரம் நன்றாக வெப்பம் கடத்தும், ஆனால் எடை மூன்று மடங்கு.

வாங்கும் முன் சிப்பின் அகலத்தையும், கார்டில் உள்ள திருகுத் துளைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள்.