மிளகுத் தண்ணீருக்கு ஒரு தங்கை

மழைக்கால மாலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து நனைந்தபடி வரும் வீட்டுக்காரர். தும்மிக்கொண்டே பள்ளியிலிருந்து திரும்பும் பையன். இரண்டு நாள் காய்ச்சலில் வாய் கசந்து படுத்திருக்கும் பாட்டி. மூவருக்கும் தொண்டைக்கு இதமாக, சூடாக ஏதாவது வேண்டும். “காய்கறி சூப் வைக்கட்டுமா?” என்று மருமகள் கேட்கிறாள். “அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம். எனக்கு ரசம் போதும்” என்று பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்!

பாட்டிக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் தன் ஊருக்குக் கொண்டு போன பிரசித்தி பெற்ற சூப்புகளில் ஒன்று நம்முடையதுதான். ‘மல்லிகடானி’ என்று ஆங்கிலேயர் சப்புக்கொட்டும் சூப், நம் ‘மிளகுத் தண்ணீர்’ என்ற சொல்லின் திரிபு. 1886-ல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதியே இதைச் சொல்கிறது. இந்தச் சூப்பின் மீது இருந்த மோகத்தால், சென்னை மாகாணத்து ஆங்கிலேய அதிகாரிகளுக்கு ‘மல்’ என்று பட்டப் பெயரே வந்துவிட்டது! பூந்தமல்லியில் அவர்கள் படை தங்கியிருந்த காலம் போய்விட்டது. அந்தப் பெயர் மட்டும் அகராதியில் நிற்கிறது. ஆகவே, காய்கறி சூப்பை ரசத்தின் தங்கையாக நினைத்து வீட்டுக்குள் சேர்க்கலாம்.

நான்கு பேருக்குச் செய்யும் விதம் இதோ. பாசிப்பருப்பு மூன்று மேஜைக் கரண்டி எடுத்து வாசனை வர வறுத்துக் கழுவிக்கொள்ளுங்கள். காரட் இரண்டு, பீன்ஸ் பத்து, முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, தக்காளி ஒன்று ஆகியவற்றைப் பொடியாக நறுக்குங்கள். பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி வெண்ணெய் விட்டு, பத்து சின்ன வெங்காயத்தையும் இரண்டு பல் பூண்டையும் வதக்குங்கள். பிறகு காய்களைப் போட்டுப் புரட்டி, பருப்பைச் சேர்த்து, ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். பருப்பு குழைய சுமார் அரை மணி நேரம் ஆகும்; குக்கரானால் மூன்று விசில். பாதியை மசித்துவிட்டால் சூப் தானே கெட்டியாகும். சோள மாவு தேவையில்லை. இறக்கும்போது உப்பும் மிளகுத் தூளும் கொத்தமல்லியும் போடுங்கள். சற்று ஆறிய பின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியலாம்.

இதில் என்ன விசேஷம்? காய் வேகும்போது அதன் சத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்துவிடுகிறது. பொரியலுக்கு வேக வைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதுவும் சாக்கடைக்குப் போகிறது. சூப்பிலோ அது வயிற்றுக்கே வருகிறது. காரட்டில் உள்ள சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அதற்குத்தான் வெண்ணெய். வைட்டமின் ‘சி’ கொதியில் குறையும். அதற்குத்தான் கடைசியில் எலுமிச்சை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. “சூப் கொடுத்துவிட்டேன், தெம்பு வந்துவிடும்” என்று நினைத்து, வடிகட்டிய வெறும் தண்ணீரையே நோயாளிக்கு வேளாவேளைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. பிரியத்தோடு பட்டினி போடுவதற்கு அது சமானம்! காயும் பருப்பும் உள்ளே போக வேண்டும். பசி எடுத்ததும் குழைந்த சாதமும் கொடுக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறையுங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் அடுப்பங்கரையை நம்பாமல் டாக்டரிடம் போங்கள்.

காய்க்கும் அதிகச் செலவில்லை. 1996-ல் கோயம்பேடு மார்க்கெட் வந்த பிறகு, ஊட்டிக் காரட்டும் கோஸும் ஆவடி, பூந்தமல்லிக் கடைகளில் சாதாரணச் சரக்காகிவிட்டன. அவை விலை ஏறினால் சுரைக்காயும் பூசணியும் இருக்கவே இருக்கின்றன.

இன்று மாலை ஒரு டம்ளரில் ஆற்றி, பெயரைச் சொல்லாமல் பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். “ரசம் இன்றைக்குக் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதே!” என்று சொல்லிக்கொண்டே, இன்னொரு டம்ளர் கேட்டாலும் கேட்பார்.