உக்ரைன் போர்: இத்தனை பேச்சுவார்த்தைக்குப் பிறகும் எங்கே இடிக்குது?

2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. ஐந்தாவது நாளே இரு தரப்பும் பெலாரஸில் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டன. அப்போ பேச ஆள் இல்லை என்பது பிரச்சினை இல்லை. வேறென்ன?

கைநழுவிய வாய்ப்பு

2022 மார்ச் கடைசியில் இஸ்தான்புல்லில் ஒரு வரைவு உருவானது. உக்ரைன் நேட்டோவில் சேராது. பதிலுக்கு, மீண்டும் தாக்கப்பட்டால் பெரிய நாடுகள் துணைக்கு வரும். ஆனால் அந்த உத்தரவாதம் எப்படிச் செயல்படும் என்பதில் உடன்பாடு வரவில்லை. இடையில் புச்சா நகரில் பொதுமக்கள் கொல்லப்பட்டதும் தெரியவந்தது. அதன் பிறகும் பேச்சு சில வாரங்கள் தொடர்ந்து, கடைசியில் முறிந்தது.

நேரடிப் பேச்சு மறுபடி தொடங்கியது 2025 மே மாதம்தான். தரப்புக்கு 1,000 கைதிகள் பரிமாறப்பட்டனர். ஆகஸ்ட் 15-ல் அலாஸ்காவில் ட்ரம்பும் புதினும் சந்தித்தார்கள். போர்நிறுத்தம் மட்டும் வரலை.

மூன்று முட்டுக்கட்டைகள்

முதலாவது, நிலம். டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், ஸபோரிஷியா, கெர்சோன் ஆகிய நான்கையும் தன்னுடையதாக 2022 செப்டம்பரில் ரஷ்யா அறிவித்தது. அவற்றில் தான் பிடிக்காத பகுதிகளையும் கேட்கிறது. உக்ரைன் அரசமைப்புச் சட்டப்படி, நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பு இல்லாமல் எல்லையை மாற்ற முடியாது. ஸெலென்ஸ்கியே நினைத்தாலும் ஒரு கையெழுத்தில் முடிகிற விஷயம் இல்லை.

இரண்டாவது, நம்பிக்கை. 1994-ல் புடாபெஸ்ட் ஒப்பந்தத்தை நம்பி அணு ஆயுதங்களைக் கைவிட்டது உக்ரைன். அதில் கையெழுத்திட்ட ரஷ்யாதான் 2014-ல் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. இன்னொரு காகிதத்தை எப்படி நம்புறது என்கிறது கீவ். நேட்டோ நாடுகளின் படைகள் உக்ரைனில் நிற்கவே கூடாது என்கிறது மாஸ்கோ.

மூன்றாவது, வரிசை. முதலில் போர்நிறுத்தம், பிறகு பேச்சு என்பது உக்ரைனின் நிலை. முதலில் 'அடிப்படைக் காரணங்கள்' தீரட்டும் என்பது ரஷ்யாவின் நிலை. களத்தில் முன்னேறும் தரப்பு, அழுத்தம் தரும் ஆயுதத்தை எளிதில் கீழே வைக்காது.

அப்போ வழியே இல்லையா?

சின்ன ஒப்பந்தங்கள் பலித்திருக்கின்றன. துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நிற்க, 2022 ஜூலையில் கையெழுத்தான கருங்கடல் தானிய ஒப்பந்தம் ஓராண்டு தாக்குப்பிடித்தது. கைதிப் பரிமாற்றங்களும் நடந்தன.

கொரியப் போரிலும் 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சு, 1953 ஜூலை 27-ல்தான் கையெழுத்தானது. அந்த இரண்டு வருஷமும் சண்டை நிற்கவில்லை. பெரிய தடை, கைதிகளை எப்படித் திருப்பி அனுப்புவது என்பது. நிலம், உத்தரவாதம் பற்றிய இறுதி அமைதி ஒப்பந்தம் அங்கே இன்றுவரை இல்லை. துப்பாக்கிகள் மட்டும் ஓய்ந்தன.

அடுத்த முறை 'அமைதிப் பேச்சில் முன்னேற்றம்' என்று நோட்டிஃபிகேஷன் வந்தால், யார் யாரோடு கைகுலுக்கினார்கள் என்பதை விடுங்க. இந்த மூன்றில் எது நகர்ந்திருக்கிறது என்று பாருங்க.