வெப்பநாட்டில் விடுமுறைப் பயணம்



விடுமுறை நெருங்கியதும் இல்லந்தோறும் பயணப் பேச்சு எழுவது வழக்கம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகளுடன் வரவிருக்கும் உறவினரும், "என்னென்ன கொண்டு வரவேண்டும்?" என்று முன்கூட்டியே கேட்கின்றனர். ஆனால், நமது நாட்டைப் போன்ற வெப்பநாடொன்றில் முதலில் எழவேண்டிய வினா அதுவன்று. எம்மாதத்தில் எங்கே செல்வது, எவ்வேளையில் வெயிலில் நிற்பது என்பதே முதல் வினா. பெட்டியை ஆயத்தஞ் செய்வது அதற்குப் பின்னரே.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர், ஏப்ரல் மாதத்தில், மாணவர் நாற்பதின்மரைச் சீகிரியாவுக்கு அழைத்துச் சென்றேன். காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கியிருக்க வேண்டிய நாங்கள், பதினொரு மணிக்கே அடிவாரத்தை அடைந்தோம். ஏறத்தாழ 1,200 படிகள். சிங்கப் பாதங்களை அடையுமுன் மாணவன் ஒருவன் மயங்கிச் சாய்ந்தான். அவனை நிழலிற் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறினோம். நினைவு திரும்பிய பின்னரே நீர் பருகக் கொடுத்தோம். அவன் தேறினான். ஆயினும், அந்த அரைமணி நேரத்தில் அவனுடைய தாயின் முகமே என் கண்முன் நின்றது. பிழை அவனுடையதன்று, நேரத்தைக் கணியாத என்னுடையதே.

ஞாயிறு ஆண்டில் இருமுறை நம் தலைக்கு நேர்மேலே வருகின்றது. ஏப்ரல் முற்பாதியில் ஒருமுறை. ஓகஸ்ட் இறுதி, செப்டெம்பர் தொடக்கத்தில் மற்றொருமுறை. நம்மவர் மிகுதியாகப் பயணஞ் செய்வதும் ஏறக்குறைய இக்காலங்களிலேயே. ஆதலால், மலையேற்றத்தையும் தொல்நகர் காண்பதையும் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்க. தாகம் எடுக்குமுன்னரே நீர் பருகுக. குளிர்நாட்டிலிருந்து வருவோரின் உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை செல்லும். முதல் நாட்களில் அவர்களை ஓயவிடுவதே உண்மையான உபசாரம். ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் இடிமின்னல் மிகுதி. அவ்வேளையில் வெட்டவெளியிலும் தனிமரத்தின் கீழும் நில்லாதீர்கள்.

அடுத்துக் கடலை நோக்குவோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காலி, ஹிக்கடுவை, பெந்தோட்டைப் பகுதிகளிற் கடல் கொந்தளிக்கும். அதே காலத்தில் நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழாகும். இதனை அறியாது, விடுதி மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து பொருந்தாத கரைக்குச் செல்வோர் உளர். கடலில் இறங்குமுன் அவ்வூர் மீனவரை வினவுக. சிவப்புக் கொடி பறப்பின் இறங்காதீர்கள். நீரோட்டம் உங்களைக் கடல்நோக்கி இழுத்தால் அதனை எதிர்த்து நீந்திக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையிலிருந்து விலகிய பின்னர் கரையை நாடுக.

மலைநாட்டின் இயல்பு வேறு. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஆறு, ஏழு பாகை குறையும். நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கு மேல் உள்ளது. எனவே, வெப்பநாடாயினும் கம்பளிச் சட்டை ஒன்று பெட்டியில் இருத்தல் வேண்டும். ஏனைய ஆடைகள் உடலைத் தழுவாத பருத்தியாடைகளாக இருப்பின் நன்று. மழைக்காட்டில் நடப்போர் காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் அட்டைக்கடி குறையும்.

இனி நுளம்பு. 1934-35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரை இழந்த இந்நாடு, 2016 ஆம் ஆண்டு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றினைப் பெற்றது. ஆயினும், டெங்கு நம்மை விட்டகலவில்லை. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது; காலையிலும் மாலைக்கு முன்னரும் அதன் கடி மிகுதி. ஆதலால், இரவில் வலை கட்டுவது மட்டும் போதாது. பிள்ளைகளுக்குக் கைகால்களை மூடும் ஆடை அணிவித்து, நுளம்புத் தடுப்புக் களிம்பும் பூசுக. காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் அன்றி, அஸ்பிரினோ இபுபுரூபனோ கொடுத்தலாகாது. அவை குருதிப்பெருக்கை உண்டாக்கக்கூடும். காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுக.

கொதித்தாறிய நீரையே பருகுக. வயிற்றோட்டத்துக்கென ஜீவனிப் பொதிகள் சிலவற்றை உடன்கொண்டு செல்க. ஒரு பொதியை ஒரு லீற்றர் நீரில் கரைத்தல் வேண்டும். நீரைக் குறைத்தாற் கேடு விளையும். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைப் பெட்டியில் அடைத்துவிடாது கைப்பையில் வைத்துக்கொள்க. அவசர வேளையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும் என்பதைப் பயணக் குழுவினர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அன்று சீகிரியாவில் மயங்கிய மாணவன் இன்று தன் பிள்ளைகளுடன் சுற்றுலாச் செல்கின்றான். "விடியுமுன் புறப்பட்டுவிடுவோம், சேர்" என்று சென்ற ஆண்டு என்னிடம் கூறினான். நான் காலந்தாழ்ந்து கற்ற பாடத்தை அவன் தன் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கற்பித்துவிட்டான். நேயர்களே, நீங்களும் அவ்வாறே விடியுமுன் புறப்படுங்கள். யாவரும் நலமே வீடு திரும்புங்கள்.