காற்று யாருக்குச் சொந்தம்?

கடல் கடந்து படிக்கப் போகிறார்கள் நம் பிள்ளைகள். கடன் வாங்கிப் போகிறார்கள். தாயின் நகை அடகுக் கடையில்; தனயன் விமானத்தில்! பட்டத்தோடு திரும்பி வருகிறார்கள். வரட்டும், வாழ்த்துகிறோம். ஆனால் பட்டத்தோடு நாட்டுக்குப் பயன்படும் பாடமும் வருகிறதா என்று கேட்கிறோம்.

மண்ணையும் காற்றையும் மாசாக்காமல் வாழும் வழியைக் கற்க, பல நாட்டு மாணவர் இன்று டென்மார்க் நாட்டுக்குச் செல்கின்றனர். அந்நாட்டிலே சாம்சோ என்றொரு தீவு. ஏறத்தாழ 3,700 பேர் வாழும் சின்னஞ்சிறு தீவு. உழவர் ஊர், உருளைக்கிழங்குக்குப் பெயர் போனது. கோட்டை கொத்தளம் காணவா அங்கே மாணவர் கூடுகின்றனர்? இல்லை. 2007-ல் அத்தீவில் திறக்கப்பட்ட எரிசக்திக் கழகத்தில் பாடம் கேட்கக் கூடுகின்றனர்.

என்ன பாடம்? சொல்கிறோம், கேளுங்கள்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, டென்மார்க்கின் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கை அயல்நாட்டு எண்ணெய்தான் தீர்த்து வந்தது. விலை ஏறியது, நாடு விழித்தது. மாற்று வழி தேடியது. 1997-ல் அந்நாட்டு அரசு ஒரு போட்டி வைத்தது. எண்ணெயையும் நிலக்கரியையும் நம்பாமல் பத்தாண்டுக்குள் வாழ்ந்து காட்டத் திட்டம் தரும் தீவு எது? வென்றது சாம்சோ. பெயர் கிடைத்தது, பொற்கிழி கிடைக்கவில்லை!

பொற்கிழி இல்லையே என்று சோர்ந்தார்களா? இல்லை. கூடினார்கள், பேசினார்கள், வாதாடினார்கள். அத்தீவிலேயே பிறந்த ஆசிரியர் சோரன் ஹெர்மன்சன், கூட்டம் கூட்டமாகச் சென்று ஊராரிடம் எடுத்துரைத்தார். 2000-ல் நிலத்தின்மீது 11 காற்றாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட். 2003-க்குள் கடலிலே இன்னும் 10. ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட். குளிருக்கு வீட்டைச் சூடாக்கவும் வழி கண்டனர். கழனியின் வைக்கோலை எரித்து நீரைக் காய்ச்சி, அந்த வெந்நீரைக் குழாய் வழியே வீடு வீடாக அனுப்பினர்.

காரும் டிராக்டரும் அப்போதும் எண்ணெய்தான் குடித்தன. அதை மறைத்தார்களா? மறைக்கவில்லை. அந்தக் கணக்கை ஈடுகட்டத்தான் கடலிலே காற்றாலை நட்டு, மிஞ்சிய மின்சாரத்தைத் தீவுக்கு வெளியே அனுப்பினார்கள்.

காற்றாலை எங்கும் இருக்கிறதே, இதிலென்ன புதுமை என்று கேட்பர் சிலர். புதுமை இரும்பில் இல்லை, தோழர்களே! உரிமையில் இருக்கிறது. நிலத்திலுள்ள 11 காற்றாலைகளில் ஒன்பது, உழவர்களுக்குச் சொந்தம். மற்ற இரண்டு, ஊரார் பலர் பங்கு வாங்கி நிறுவியவை. கடலில் எழுந்த பத்தில் ஐந்தை நிறுவியது தீவின் உள்ளாட்சி மன்றம். காட்சி கெடும், ஓசை கேட்கும் என்று காற்றாலையை எதிர்ப்போர் எந்நாட்டிலும் உண்டு. ஆனால் சுழல்வது தன் பங்கு என்றால், அந்த ஓசை ஒருவனுக்கு இரைச்சலா, வருமானமா? எண்ணிப் பாருங்கள்!

இந்த அறிவு ஒரு நாளில் முளைத்ததல்ல. 1891-லேயே, அஸ்கோவ் என்ற ஊரின் மக்கள் கல்லூரியில் போல் லா கூர் என்ற ஆசிரியர் காற்றாலை அமைத்து மின்சாரம் எடுத்தார். கண்டதைப் பூட்டி வைத்தாரா? இல்லை. நாட்டுப்புற இளைஞரைச் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார். அவரிடம் பயின்றவருள் ஒருவர் யொஹானஸ் யூல். அவர் 1957-ல் கெட்சர் என்ற இடத்தில் நிறுவிய மூன்று இறகுக் காற்றாலை, பின்வந்த காற்றாலைகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. ஆசிரியர் விதைத்தார், மாணவர் வளர்த்தார், மக்கள் அறுவடை செய்தனர்!

குளிர்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பாரும் உளர். நம்மிடம் காற்று இல்லையா? முப்பந்தலுக்குச் சென்று பாருங்கள். வானம் மறையக் காற்றாலைகள்! காற்றுக்குப் பஞ்சமில்லை, கருவிக்கும் பஞ்சமில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் காற்றாலைகளுள் மிகப் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தம். நிலத்தை விற்ற உழவன் விலை பெற்றான். விளைச்சலில் பங்கு பெற்றானா? அண்ணாந்து பார்க்கும் உரிமை மட்டும்தானா அவனுக்கு?

சாம்சோவில் 3,700 பேர், இங்கே கோடிக்கணக்கானோர். அங்கே செய்ததை அப்படியே இங்கே நடுவது இயலாது. நட வேண்டுமென்று நாம் சொல்லவும் இல்லை. ஊராட்சிக்கு ஒரு பங்கு, உழவர் கூட்டுறவுக்கு ஒரு பங்கு என்று தொடங்க என்ன தடை?

அயல்நாட்டில் பயிலும் மாணவ மணிகளே! இறகின் நீளத்தை அளந்து வாருங்கள். பொறியின் நுட்பத்தை அறிந்து வாருங்கள். அத்துடன், அங்கே பங்குப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்து வாருங்கள். அந்தப் பட்டியலில் உழவன் பெயர் இருக்கும். இங்கும் அது இடம்பெற வழி கண்டு சொல்லுங்கள்; செவிமடுக்கக் காத்திருக்கிறோம்.