காவல் நாயின் உணவும் குட்டிப்பேறும்

பலாபத்வலப் பகுதியில் வயலும் மரக்கறித் தோட்டமும் செய்யும் கமக்காரருக்கு நாய் ஒரு பெருந்துணையாகும். கதிர் முற்றும் காலத்திற் காட்டுப்பன்றியும், கிழங்குப் பயிர்களை முள்ளம்பன்றியும், போஞ்சிப் பந்தரைக் குரங்கும் நாசஞ் செய்ய வரும்பொழுது, காவற் கொட்டிலில் உறங்கும் கமக்காரரை முதலில் எழுப்புவது நாயின் குரலே. இவ்வாறு உதவும் பிராணிக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் மீதிச் சோறும் கறித் தண்ணீருமே. அதனால் அதன் வயிறு நிரம்புகின்றது, உடல் நிரம்புவதில்லை. இக்குறை பெட்டை நாயிடத்தும் அதன் குட்டிகளிடத்தும் மிகத் தெளிவாகப் புலப்படும். குட்டிகள் இறந்து பிறத்தல், பிறந்து சில நாட்களில் மடிதல், கால் வளைதல், தாய் எலும்புந் தோலுமாதல் ஆகியவற்றை விதியென்று விட்டுவிடலாகாது. இவற்றுட் பல, உணவினாலும் சிறிது கவனத்தினாலும் தடுக்கக்கூடியவை.

ஆராய்ச்சிகள் காட்டிய உண்மை

உணவுச் சத்துக்களைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுட் சில நாய்களிடமிருந்தே அறியப்பட்டன. 1919ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எட்வேட் மெலன்பி என்னும் அறிஞர், நாய்க்குட்டிகளுக்குத் தானியக் கஞ்சியை முக்கிய உணவாகக் கொடுத்து வந்தபோது அவற்றின் எலும்புகள் மென்மையடைந்து வளைந்தன. மீனெண்ணெய் கொடுத்தபோது அந்நோய் நீங்கியது. எலும்புருக்கமாகிய கணை நோய்க்கு உணவுக் குறையே காரணமென்பது இவ்வாறு நிறுவப்பட்டது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொன்ராட் எல்வெய்ம் என்பவர், நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிக்கோற்றினிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தினால் மாற்றலாமெனக் கண்டார்.

சினைப்பட்ட நாயின் உணவு பற்றி 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி நமக்கு மிகவும் பயனுடையது. மாப்பொருளே இல்லாத உணவைத் தின்ற சினை நாய்களுக்கு, குட்டி ஈனும் தறுவாயில் இரத்தத்திலுள்ள வெல்லம் குறைந்தது. குட்டிகளும் கூடுதலாக இறந்து பிறந்தன. புரதத்தை மிக அதிகமாகக் கொடுத்தால் இத்தீங்கு நேராது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. ஆகவே நாம் கொடுக்கும் சோறு சினை நாய்க்குக் கேடானதன்று, நன்மையானதே. ஆனால் அது உணவின் ஒரு பாதி மாத்திரமே.

மற்றைப் பாதி எதுவென்பதை ஒரு கணக்கினால் அறியலாம். அமெரிக்காவில் வழங்கும் நாயுணவு நியமப்படி, நீர் நீங்கிய உணவில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதப் புரதமும், சினை நாய்க்கும் பாலூட்டும் நாய்க்கும் குட்டிகளுக்கும் 22.5 சதவீதப் புரதமும் வேண்டும். அரிசியிலோ ஏறக்குறைய 7 சதவீதப் புரதமே உண்டு. அரிசியிற் சுண்ணச்சத்தும் மிகக் குறைவு. மேலும், வெயிலிற் கிடந்தால் நமது தோலில் டீ உயிர்ச்சத்து உண்டாவதுபோல நாயின் தோலிற் போதியளவு உண்டாவதில்லை. அதனை உணவிலேயே கொடுத்தல் வேண்டும்.

கமக்காரர் வீட்டிற் கிடைக்கும் உணவு

விலையுயர்ந்த பெட்டி உணவு வேண்டியதில்லை. ஏறக்குறைய 15 கிலோ நிறையுள்ள ஊர் நாய்க்கு ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, 50 கிராம் நெத்தலிக் கருவாடு என்பன அண்ணளவாகப் போதும். பருப்புக்குப் பதிலாகப் பயறு, கௌபி, சோயா ஆகியவற்றையும் நன்றாக அவித்துக் கொடுக்கலாம். கருவாட்டை நீரில் ஊறவைத்து, உப்பு நீரை ஊற்றிவிட்டு, முள்ளோடு அவித்து மசித்தல் வேண்டும். மெல்லிய முள்ளிலிருந்து சுண்ணச்சத்துக் கிடைக்கும். இடையிடையே அவித்த முட்டை ஒன்றும், வாரத்தில் ஒருமுறை ஈரலிற் சிறு துண்டொன்றும் சேர்க்கலாம். ஈரல் அளவுக்கு மிஞ்சினால், சினைக் காலத்தில் ஏ உயிர்ச்சத்து மிகுந்து கருவிற்குத் தீங்கு செய்யும். நாயின் விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும் கைக்குத் தட்டுப்படும்படியும் இருப்பின் உணவின் அளவு சரியெனக் கொள்க.

நமது மாவட்டத்திற் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய நஞ்சுகள் இரண்டுண்டு. தம்புள்ளை, கலேவெல பகுதிகளிற் பெருமளவிற் பயிராகும் வெங்காயம், பச்சையாயினும் சமைத்ததாயினும், நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்து இரத்தச் சோகையை உண்டாக்கும். ஆகவே வெங்காயம் சேர்ந்த கறியைச் சோற்றிற் பிசைந்து கொடுத்தலாகாது. மாத்தளைத் தோட்டங்களில் விளையும் கொக்கோவின் விதையும் விதைத்தோலும் நாயின் இருதயத்தைப் பாதிக்கும். கொக்கோ உலர்த்தும் முற்றத்தில் நாயை விடாதீர்கள்.

நாட் கணக்கு

பெட்டை நாய் 6 முதல் 12 மாத வயதிற் பருவமடையும். அதன்பின் ஏறக்குறைய ஆறு, ஏழு மாதங்களுக்கு ஒருமுறை வேட்கை கொள்ளும். முதல் வேட்கையில் இணைய விடுதல் நன்றன்று. அதன் உடல் அப்பொழுது வளர்ந்து முடிந்திராது.

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். இணைந்த நாளை நாட்காட்டியிற் குறித்து வைத்தல் நல்ல வழக்கம். முதல் ஐந்து கிழமைகளிலும் உணவைக் கூட்ட வேண்டியதில்லை. கூட்டினால் தாய் கொழுத்து ஈனுவதற்கு வருந்தும். கருவின் வளர்ச்சியிற் பெரும்பங்கு கடைசி மூன்றிலொரு பங்கு நாட்களிலேயே நிகழ்கின்றது. ஆகவே ஆறாம் கிழமை தொடக்கம் சிறிது சிறிதாகக் கூட்டி, ஈனும் நாளளவில் வழக்கமான அளவின் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு கொடுக்க. வயிற்றிற் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால், ஒரே வேளையில் அவ்வளவையும் நாயால் உண்ண முடியாது. மூன்று வேளையாகப் பிரித்தல் வேண்டும்.

ஈன்றபின் தேவை இன்னும் பெரிது. மூன்றாம் நான்காம் கிழமைகளிற் பால் உச்சமடையும். அப்போது ஐந்தாறு குட்டிகளுள்ள தாய்க்கு இரண்டு முதல் மூன்று மடங்கு உணவும், எந்நேரமும் நல்ல தண்ணீரும் வேண்டும். கமக்காரர் பலர் சினைக் காலத்தில் நாயைக் கவனித்து, ஈன்றபின் கைவிட்டுவிடுகின்றனர். உண்மையில் தாய் மெலிவது இக்காலத்திலேயே.

சுண்ணச்சத்து வில்லையினால் வரும் ஆபத்து

இப்பகுதியில் மரக்கறித் தோட்டஞ் செய்யும் கமக்காரர் ஒருவர், தமது நாயின் மீதுள்ள அன்பினால், சினைக்காலம் முழுவதும் மனிதருக்குரிய கல்சிய வில்லைகளை நாள்தோறும் கொடுத்து வந்தார். ஆறு குட்டிகள் நலமாகப் பிறந்தன. மூன்றாம் கிழமையில் ஒரு நாள் மாலை நாய் இளைத்து, நிலைகொள்ளாது அலைந்து, கால்கள் விறைத்து, நடுக்கங் கண்டு வலிப்புற்று விழுந்தது. விசர் பிடித்துவிட்டதென அஞ்சிய அயலார் அதனை அடித்துக் கொல்லத் தடியெடுத்தனர். அச்செய்தி கேட்டுச் சென்ற நான் நோயின் தன்மையை ஊகித்து, முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டு போகச் செய்தேன். அவர் சுண்ணச்சத்து மருந்தை நாளத்தினுள் மெதுவாக ஏற்றினார். ஒரு மணி நேரத்துள் நாய் எழுந்து நின்றது.

இதன் காரணம் அறியத்தக்கது. இரத்தத்திற் சுண்ணச்சத்துக் குறையும்பொழுது, கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி எலும்பிலிருந்து அதனை எடுத்துக் கொடுக்கும். சினைக் காலத்தில் வில்லைகள் மிகுதியாகக் கிடைப்பின் அச்சுரப்பி வேலையின்றிச் சோம்பிவிடும். பின்னர்ப் பால் பெருகும்போது உடனே விழித்தெழ அதனால் இயலாது. ஆகவே சினைக் காலத்தில் முள்ளுடன் கூடிய சிறு மீன் போதும்; வில்லை வேண்டாம். வலிப்புக் கண்டால் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, தாமதியாது வைத்தியரிடம் செல்க.

ஈனும் வேளையும் குட்டிகளும்

மழை படாத, காற்றடிக்காத மூலையிற் சாக்கு விரித்து இடம் அமைத்துக் கொடுக்க. தாய் அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிடினும், வயிற்றிற் குட்டிகள் இருக்க இரண்டு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி உண்டாயினும், முதற் குட்டி வருமுன் பச்சை நிறநீர் வடியினும் வைத்தியர் உதவி வேண்டும். பிறந்த குட்டிகள் முதல் நாளிற் சீம்பால் குடித்தல் அவசியம். முதல் இரு கிழமைகளில் அவை தம் உடற் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள மாட்டா. குளிரினாலேயே பல மடிகின்றன.

வட்டப்புழு தாயின் கருவினுள்ளேயே குட்டிக்குத் தொற்றும். கொக்கிப்புழு பால் வழியாகவும் தொற்றும். ஆதலால் இரண்டாம் கிழமை தொடக்கம், இரு கிழமைக்கு ஒருமுறை வைத்தியர் கூறும் அளவில் தாய்க்கும் குட்டிகளுக்கும் பூச்சி மருந்து கொடுக்க. வட்டப்புழுவின் முட்டை முற்றத்து மண்ணிலிருந்து சிறுவர்களின் வயிற்றுக்குள்ளும் செல்லக்கூடும். மூன்று, நான்கு கிழமையிற் குழைந்த உணவைப் பழக்கி, ஆறு முதல் எட்டுக் கிழமையிற் பால் மறக்கச் செய்யலாம்.

உணவினால் மாறாத நோய்கள்

நல்ல உணவு கொடுத்தும் கரு சிதைந்தால் தொற்று நோயை ஐயுறுக. நாய்களிற் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லாக் கிருமி 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இனங் காணப்பட்டது. எலிக்காய்ச்சற் கிருமியும் நாயிற் கருச்சிதைவை உண்டாக்கும். நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் பரவும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சலினால் பாதிக்கப்பட்டபோது, மாத்தளை மாவட்டமும் அதற்கு இலக்காயிற்று. வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் நாம் இதனை மறத்தலாகாது. சிதைந்த கருவை வெறுங் கையினால் தொடாது ஆழப் புதைக்க.

வேட்கை முடிந்து சில கிழமைகளுள் நாய் மிகுதியாக நீர் குடித்து, உணவை வெறுத்து, சீழ் வடித்தால், அது கருப்பையிற் சீழ் கட்டிய நோயாகும். இணைதலாற் பரவும் பாலுறுப்புக் கட்டியும் அலைந்து திரியும் நாய்களில் உண்டு. இரண்டிற்கும் வைத்தியரே துணை.

குட்டி வேண்டாதவர் செய்ய வேண்டியது

ஆண்டிற்கு இருமுறை ஈனும் நாயின் குட்டிகள் அனைத்திற்கும் வீடு கிடைப்பதில்லை. அவற்றைச் சந்தையிலும் பன்சாலை வாயிலிலும் விட்டுவருவோர் நீர்வெறுப்பு நோய்க்கு வழி திறக்கின்றனர். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் அந்நோயினால் இறந்தனர். தடுப்பூசியின் பயனாக அண்மைய ஆண்டுகளில் இத்தொகை ஐம்பதிற்குள் அடங்கியுள்ளது. மேலும் குறைய வேண்டுமாயின், ஆண்டுதோறும் ஊசி போடப்பட்ட, வீடுள்ள நாய்களே ஊரில் இருத்தல் வேண்டும்.

ஆகவே குட்டி வேண்டாதவர் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்விப்பதே சிறந்தது. கருப்பை நீக்கிய நாய்க்குக் கருப்பைச் சீழும் வராது. காவற் குணமும் குன்றாது. வேட்கையைத் தள்ளிப்போடும் ஊசி எளிதாகத் தோன்றினும், கருப்பைச் சீழுக்கும் முலைக் கட்டிக்கும் அது வழிகோலக்கூடும். பிரதேச அரசாங்க மிருக வைத்தியரிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் ஊசி, சிகிச்சை நடைபெறும் நாட்களைக் கேட்டறியலாம். கடினமான நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை நமக்கு அண்மையில் உண்டு.

நினைவிற் கொள்க

1. சோற்றுடன் பருப்பும் சிறு மீனும் சேர்க்க.
2. இணைந்த நாளைக் குறித்து, ஆறாம் கிழமையிலிருந்து உணவைக் கூட்டுக.
3. பாலூட்டும் காலத்தில் இரண்டு, மூன்று மடங்கு கொடுக்க.
4. சினைக் காலத்திற் கல்சிய வில்லை கொடாதீர்.
5. வெங்காயமும் கொக்கோவும் விலக்குக.
6. ஆண்டுதோறும் ஊசி, குட்டி வேண்டாவிடின் சத்திர சிகிச்சை.

வளர்க்க இயலுமளவு குட்டிகளே பிறக்கட்டும். பிறப்பவை நன்கு வளரட்டும். உங்கள் பயிருக்குக் காவல் நிற்கும் பிராணிக்கு நீங்கள் செய்யத்தக்க கைம்மாறு இதுவே.