பழைய காருக்குப் புதிய பேட்டரி: எதைப் பார்த்து வாங்குவது?

ஆயர் ஈத்தாமில் ஒருவர் ஆசையாகப் பராமரிக்கும் மோரிஸ் மைனர் காரின் பேட்டரி செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் 1948 முதல் 1971 வரை தயாரான கார் அது. கடையில் கிடைக்கும் எந்தப் பேட்டரியையும் அதில் மாட்டிவிடலாமா? கூடாது. மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மின்னழுத்தம். ஈய-அமில பேட்டரியின் ஒவ்வொரு கலமும் சுமார் 2 வோல்ட் தரும். 6 கலங்கள் தொடராக இணைந்தால் 12 வோல்ட். மோரிஸ் மைனருக்கு இதுவே தேவை. ஆனால், 1960களின் தொடக்கத்தில் வந்த வோக்ஸ்வேகன் 'வண்டு' கார்களில் 3 கலங்கள், 6 வோல்ட்தான். அதில் 12 வோல்ட் பேட்டரியை இணைத்தால் விளக்குகள் எரிந்துபோகும்.

இரண்டாவது, முனை. இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். மோரிஸ் மைனரிலோ நேர்முனை! முந்தைய உரிமையாளர் இதை மாற்றியும் இருக்கலாம். பார்க்காமல் மாற்றி இணைத்தால் மின்னேற்றும் அமைப்பு பழுதாகும்.

மூன்றாவது, வெப்பம். பேட்டரியில் உள்ள 'சிசிஏ' எண், −18 பாகை செல்சியசில் அது எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைக் காட்டுகிறது. ஜொகூரில் அந்தக் குளிர் ஏது? இங்கே வெப்பம்தான் எதிரி; அது தகடுகளை அரிக்கும், நீரை வற்றச் செய்யும். ஆகவே பெரிய எண்ணைவிட அண்மையத் தயாரிப்புத் தேதியே முக்கியம்.

கழற்றும்போது, உடலோடு இணைந்த கம்பியை முதலில் எடுக்க வேண்டும். அதன்பின் ஸ்பானர் உடலில் பட்டாலும் மின்சுற்று முழுமையாகாது, தீப்பொறி பறக்காது. பெரியவர்கள் உடனிருக்கட்டும்.