சங்கானையும் ஷங்காயும்

இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கிய 1952ஆம் ஆண்டு ஒப்பந்தந்தொட்டு மக்கள் சீனத்தின் பெயர் இலங்கையில் வீடுதோறும் அறிந்ததே. ஆயினும் பீக்கிங்கைத் தம் அரசியற் குருபீடமாகக் கொண்டோர் யாழ்ப்பாணத்தில் மிகச் சிலர். 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுண்டபோது, மானிப்பாயைச் சேர்ந்த நா. சண்முகதாசன் சீனச் சார்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். மாஸ்கோவா பீக்கிங்கா என்னும் வாதத்தால் நம் கமக்காரனுக்கு ஆவதென்ன என்று நகைத்தோர் பலர்.

1966 ஒக்டோபர் 21ஆந் தேதி அந்த நகைப்பு அடங்கிற்று. அன்று அப்பிரிவினர் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டனர். பொலிசார் தடியடி செய்தனர். ஆயினும் ஊர்வலம் நகரை அடைந்து முற்றவெளியிற் கூட்டமும் நடைபெற்றது. தேநீர்க் கடையில் மற்றவரோடு ஒரே வாங்கில் இருந்து, அவர்கள் குடிக்கும் குவளையிலேயே குடிக்க வேண்டும். கோயிலுள்ளே சென்று கும்பிட வேண்டும். கேட்டவை இவையே. கடவுளை ஒப்பாத கட்சி அடியார்க்காகக் கோயில் வாயிலில் நின்றது விந்தைதான்!

இத்தகைய தடைகளைக் குற்றமாக்கிய சட்டம் 1957-இலேயே நிறைவேறியிருந்தது. எனினும் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசத்தை மறித்து நின்றவர் முன்னாள் மந்திரியும் கணிதப் பேராசிரியருமான செ. சுந்தரலிங்கம். படிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை போலும். அச்சட்டத்தின்படி அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

சங்கானை ஷங்காய் ஆகிறது என்ற பேச்சு பாராளுமன்றம் வரை சென்றது அக்காலத்திலேதான். அங்கே போராடிய கூலியாட்களிற் பெரும்பாலோர் ஷங்காயைப் படத்திற்கூடக் கண்டிரார்.